கிளிநொச்சியில் வாடகை வீடு வாங்கப் போன மூன்று வாரம்

ஆறு வருடத்துக்குப் பிறகு இந்த ஆவணியில் ஊருக்குப் போனேன். லண்டனில் சேர்த்த காசில் கிளிநொச்சிப் பக்கம் ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடுவதுதான் எண்ணம். அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் இருக்கின்றன. வெளிமாவட்டப் பிள்ளைகள் அறை தேடித் திரிகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அது உண்மைதான். ஆனால் எனக்கு நாள் போனது வீடு பார்ப்பதில் இல்லை, கடதாசி பார்ப்பதில்.

முதலில் பார்த்தது வட்டக்கச்சியில் அரை ஏக்கர் வளவு. இரண்டு அறை வீடு, நல்ல கிணறு. சொந்தக்கார ஐயா ஒரு பொலித்தீன் பையைத் திறந்து நாலாக மடித்த கடதாசியை எடுத்துத் தந்தார். மடிப்பெல்லாம் கிழிந்து செலோடேப் ஒட்டியிருந்தது, ஓரத்தில் தண்ணீர்க் கறை. "முள்ளிவாய்க்கால் மட்டும் இடுப்பில கட்டிக்கொண்டு போன கடதாசி தம்பி" என்றார். அதை விரிக்கவே எனக்குக் கை கூசியது. ஆனால் அது முழுச் சொந்தம் என்று காட்டும் உறுதிப் பத்திரம் இல்லை, அரச காணியில் இருக்கக் கொடுக்கும் அனுமதிப் பத்திரம், அதாவது பெர்மிற்.

வன்னியில் காணி வாங்க நினைப்பவர்கள் இதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். இரணைமடுக் குளத்தைச் சுற்றிக் குடியேற்றத் திட்டங்களில் கொடுத்த காணிகள் பெரும்பாலும் அரச காணிகள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பெர்மிற்றாகவும் அளிப்பாகவும் (கிறான்ற்) கொடுக்கப்பட்டவை. பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. "எழுத்தை மட்டும் எழுதிக்கொண்டு காசைத் தாங்கோ" என்று தரகர் சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவருக்கு உறுதிக் காணியைக்கூட எழுத முடியாது. பரம்பரையாக வருவது வேறு. நான் இரட்டைக் குடியுரிமை எடுத்திருந்தபடியால் தப்பினேன்.

விபரம் கேட்க ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை போனேன். முதல் நாள் காணி உத்தியோகத்தர் வெளிக்களம், இரண்டாம் நாள் கோப்பு இல்லை. வெயிலில் வந்து வாங்கிலில் காத்திருந்த அம்மாமாரைப் பார்க்க எனக்குக் கோபம் வந்தது. நான் திரும்பிப் போய்விடுவேன், அவர்கள் எத்தனை முறை வருவார்கள்? மூன்றாம் நாள் ஒரு தங்கச்சி மேசையை விட்டு எழும்பி வந்து, வாங்கிலில் பக்கத்தில் இருந்து, எந்தப் பத்திரத்துக்கு எது வேண்டும் என்று எழுதித் தந்தா. நீங்கள் போகும்போது பொதுமக்கள் நாள் எது என்று முதலே கேட்டுக்கொண்டு போங்கள்.

வாடகைக் கணக்கைச் சித்தியின் வீட்டு முற்றத்தில் இருந்து போட்டுப் பார்த்தேன். வீட்டுக்கு 40 லட்சம், மாத வாடகை 15,000 என்று வையுங்கள். விடுமுறைக்குப் பிள்ளைகள் ஊருக்குப் போய்விடுவார்கள், ஆகவே பத்து மாதம்தான் கணக்கு: 150,000. மோட்டர், பெயின்ற், சோலைவரி, பார்த்துக்கொள்பவருக்குக் கொடுப்பது என்று 30,000 போனால் மிச்சம் 120,000. நூற்றுக்கு மூன்று. வங்கியில் நிலையான வைப்புக்கு என்ன தருகிறார்கள் என்று கேட்டு, பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காணி விலை ஏறும் என்ற நம்பிக்கையில் மட்டும் இறங்க வேண்டாம்.

சித்தி தன் வீட்டில் நாலு பெடியளை வாடகைக்கு வைத்திருக்கிறா. தன் கேத்திலைக் கவிழ்த்துக் காட்டினா. உள்ளே சுண்ணாம்பு வெள்ளை ஓடாகப் படிந்திருந்தது. "முதல் கேக்கிறது தண்ணியைத்தான், வாடகை பிறகு" என்றா. வடிகட்டிய தண்ணீருக்கு வழி செய்யாத வீட்டில் பிள்ளைகள் நிலைப்பதில்லையாம்.

அப்புறம், ஆள் விடயம். உறவுக்காரரை வீட்டில் சும்மா இருக்கவிட்டு வெளிநாடு போனால், பத்து வருட ஆட்சியைக் காட்டி உரிமை கோரச் சட்டத்தில் இடம் இருக்கிறது. யாரை வைத்தாலும் நொத்தாரிசு முன் ஒப்பந்தம் எழுதுங்கள். உங்களுக்குப் பதிலாக அலுவல் பார்க்கும் அதிகாரப் பத்திரம் (அற்றோனித் தத்துவம்) கொடுப்பதென்றால் வாடகை வாங்கவும் திருத்தவும் மட்டும் கொடுங்கள், விற்கக் கொடுக்க வேண்டாம். காசை உண்டியலில் அனுப்பாமல் வங்கியில் உள்முக முதலீட்டுக் கணக்கு (Inward Investment Account) வழியாக அனுப்பினால், விற்றபின் திரும்ப எடுக்கக் கணக்கு இருக்கும்.

இப்போது பரந்தனில் ஓர் உறுதிக் காணி பார்த்து வைத்திருக்கிறேன். சட்டத்தரணி காணிப் பதிவகத்தில் அதன் பழைய பதிவுகளைத் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மாசியில் திரும்பப் போகிறேன். கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்த பிறகுதான் முற்பணம்.