கிழக்காசியப் போக்குவரத்து ஆய்வுச் சங்கம்: கோலாலம்பூர்ப் பொறியாளருக்கு உறுப்பியம் பயன் தருமா?

போக்குவரத்துத் துறையில் இருப்பவர் கோலாலம்பூரில் சேர்வதற்குத் தொழில்முறை அமைப்புகளுக்குப் பஞ்சமில்லை. 1919இல் பிரிட்டனில் தொடங்கி 1926இல் அரச சாசனம் பெற்ற தளவாடப் போக்குவரத்துக் கழகத்தின் மலேசியப் பிரிவு இங்கு இயங்குகிறது. 1973இல் உருவான ஆசிய ஆஸ்திரலேசியச் சாலைப் பொறியியல் சங்கமோ தன் செயலகத்தையே மலேசியாவில் வைத்திருக்கிறது. இவற்றுக்கிடையே நம்மவரிடம் அதிகம் பேசப்படாதது, 'ஈஸ்ட்ஸ்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் கிழக்காசியப் போக்குவரத்து ஆய்வுச் சங்கம். பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்து, வீடமைப்புத் திட்டங்களுக்கும் அங்காடி வளாகங்களுக்கும் போக்குவரத்துத் தாக்க அறிக்கை எழுதுவதைத் தொழிலாகக் கொண்ட ஒருவனின் பார்வையில் அதை மதிப்பிடுவதே இக்கட்டுரை.

1994இல் நிறுவப்பட்ட இச்சங்கம், 1995இல் மணிலாவில் தன் முதல் மாநாட்டை நடத்தியது. அன்று முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆசிய நகரொன்றில் ஆய்வாளர்கள் கூடுகிறார்கள். ஒவ்வொரு நாட்டிலும் உள்ள உள்நாட்டுச் சங்கத்தின் வழியாகவே அமைப்பு இயங்குகிறது. நம் நாட்டில் அப்பொறுப்பு மலேசியப் போக்குவரத்து அறிவியல் கழகத்துடையது. 2021இல் ஹிரோஷிமா மாநாடு பெருந்தொற்றின் காரணமாக இணையவழி நடந்தபின், 2023 செப்டம்பரில் அடுத்த மாநாடு ஷா ஆலமுக்கு வந்தது. போக்குவரத்து ஆய்வாளர்கள் திரண்ட அந்நகரின் மையத்துக்கு அப்போது எல்ஆர்டி எனும் இலகு ரயில் இன்னும் வந்து சேரவில்லை என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

இச்சங்கத்தின் உண்மையான மதிப்பு அதன் ஆய்விதழ்களில் இருக்கிறது. நம் சாலைகளைப் புரிந்துகொள்ள மேலைநாட்டுக் கையேடுகள் ஓரளவுக்குத்தான் உதவும். மலேசியாவில் சாலை விபத்துகளில் இறப்போரில் அறுபது விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள். பச்சை விளக்கு எரிவதற்கு முன்பே கார்களின் இடுக்குகளில் நுழைந்து கோட்டுக்கு முன்னால் வந்து குவியும் அவர்களை, ஒரு சாலைச் சந்திப்பின் கொள்ளளவைக் கணக்கிடும்போது காரில் எத்தனை பங்காக எடுத்துக்கொள்வது என்ற கேள்விக்கு, மோட்டார் சைக்கிள் அரிதாகவே ஓடும் அமெரிக்க நகரங்களின் தரவு விடை தராது. இந்தத் தேவையால்தான் நம் நாடு 2006இல் தனக்கென்று ஒரு நெடுஞ்சாலைக் கொள்ளளவுக் கையேட்டை வெளியிட்டது. இதே சிக்கலை ஹோ சி மின், ஜகார்த்தா, தைப்பே, பாங்காக் போன்ற நகரங்களின் ஆய்வாளர்களும் அன்றாடம் எதிர்கொள்கிறார்கள்; அவர்களுடைய அளவீடுகள் ஓரிடத்தில் குவிந்திருப்பது இச்சங்கத்தின் வெளியீடுகளில்தான்.

ஓர் எடுத்துக்காட்டைச் சொல்லலாம். இந்தோனேசிய நகரங்களில் சமிக்ஞை விளக்குச் சந்திப்புகளில் கார்களுக்கு முன்னால் மோட்டார் சைக்கிள்கள் மட்டும் நிற்பதற்குச் சிவப்பு வண்ணத்தில் தனிக்கட்டம் வரைகிறார்கள். தைவானில் இடப்பக்கம் திரும்ப வேண்டிய மோட்டார் சைக்கிள், பல சந்திப்புகளில் முதலில் நேராகக் கடந்து, குறுக்குச் சாலையின் முன்னுள்ள காத்திருப்புக் கட்டத்தில் நின்று, அடுத்த பச்சையில் போக வேண்டும். ஜாலான் துன் சம்பந்தன் போன்ற நெருக்கடியான சாலையில் இவற்றில் எது பொருந்தும் என்று ஒரு மாநகராட்சி அதிகாரி கேட்டால், யூகத்தைச் சொல்லாமல் அளந்து பார்த்தவர்களின் முடிவுகளை மேசைமேல் வைக்க முடிகிறது. ஆனால் அப்படியே எடுத்து ஒட்டிவிடலாகாது. தைவானில் வாகனங்கள் வலப்பக்கம் ஓடுகின்றன, நம் நாட்டில் இடப்பக்கம். வரைபடத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிக்கொள்ள வேண்டும். இந்தோனேசியாவுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

மலேசியாவும் இத்துறையில் பிறரிடமிருந்து கற்றுக்கொள்ளும் நாடு மட்டுமன்று. கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்களுக்கென்று தனித்தடம் 1970களின் தொடக்கத்திலேயே அமைந்துவிட்டது. 1992இல் பகலிலும் முகப்பு விளக்கை எரியவிட வேண்டும் என்ற விதி வந்தபின், பேராசிரியர் ராடின் உமாரும் உடன் ஆய்வாளர்களும் சிரம்பானிலும் ஷா ஆலமிலும் நடத்திய ஆய்வில், கண்ணில் படாமையால் நேரும் மோட்டார் சைக்கிள் விபத்துகள் ஏறத்தாழ 29 விழுக்காடு குறைந்ததாகக் கண்டறிந்தார்கள். இந்தப் பின்புலம் உள்ள நாட்டிலிருந்து செல்பவருக்கு ஈஸ்ட்ஸ் அவையில் மதிப்புண்டு. மழைக்குப் பாலத்தடியில் ஒதுங்கும் மோட்டார் சைக்கிளோட்டிகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அது என்ன என்று அங்கே எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

சங்கத்தின் பழைய ஆய்விதழ் ஜப்பானின் ஜே-ஸ்டேஜ் என்னும் ஆய்விதழ் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது; பின்னர் தொடங்கப்பட்ட 'ஏசியன் டிரான்ஸ்போர்ட் ஸ்டடீஸ்' இதழும் கட்டணமின்றிப் படிக்கக்கூடியதே. ஆகவே வாசிப்பதற்காக மட்டும் எவரும் சந்தா கட்ட வேண்டியதில்லை. இது சங்கத்தின் பெருந்தன்மை. உறுப்பியத்துக்குப் பணம் கேட்கும் வாதத்தை அதுவே வலுவிழக்கச் செய்கிறது என்பதும் உண்மை.

அப்படியானால் உறுப்பினராவதில் என்ன கிடைக்கிறது? மனிதத் தொடர்புகள். அமெரிக்காவில் 1920இல் தொடங்கப்பட்ட போக்குவரத்து ஆய்வு வாரியம் ஒவ்வொரு ஜனவரியிலும் வாஷிங்டனில் நடத்தும் ஆண்டுக் கூட்டத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் செல்கிறார்கள். அதன் பரப்பும் ஆழமும் தனி. ஆனால் மலேசிய வெள்ளியைச் சம்பளமாகப் பெறும் ஒருவர் விமானச் செலவையும் டாலர் விடுதி வாடகையையும் தாங்கி அங்கே போனாலும், அந்தக் கூட்டத்தில் அவர் ஒரு துளி. ஈஸ்ட்ஸ் மாநாட்டின் அளவு கைக்கடக்கமானது. பேராசிரியரைத் தேநீர் இடைவேளையில் நெருங்கி, அவருடைய சாலைச் சந்திப்புத் தரவு எந்தப் பருவத்தில் எடுக்கப்பட்டது என்று கேட்க முடியும். பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து செய்யும் கூட்டாய்வுகளுக்குச் சங்கமே ஆதரவு தருவதால், அந்த உரையாடல் மாநாட்டோடு முடிந்துபோகவும் வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. இது பல்கலைக்கழகத்தாரால் பல்கலைக்கழகத்தாருக்காக நடத்தப்படும் அமைப்பு என்ற எண்ணம் எழுவதைத் தவிர்க்க முடிவதில்லை. கட்டுரைகளில் கணித மாதிரிகளும் சமன்பாடுகளும் மலிந்திருக்கின்றன. அந்த முடிவை வைத்து ஊராட்சி மன்றம் நாளைக்கு எந்தச் சாலையில் எந்தக் கோட்டை அழிக்க வேண்டும் என்ற பகுதி பெரும்பாலும் கடைசிப் பத்தியில் இரண்டு வரியோடு நின்றுவிடுகிறது. பேருந்து நிறுவனத்தின் கால அட்டவணையாளரோ ரயில் நிலைய மேலாளரோ மேடையேறிப் பேசும் வாய்ப்பு இன்னும் கூட வேண்டும். இரண்டு ஆண்டு இடைவெளியும் நீளமானது. இடையில் உறவை உயிரோடு வைத்திருக்கும் பொறுப்பு உள்நாட்டுச் சங்கங்களின் தலையில் விழுகிறது, அவற்றின் சுறுசுறுப்போ நாட்டுக்கு நாடு வேறுபடும்.

பெயருக்குப் பின்னால் எழுத்துகளைச் சேர்த்துக்கொள்ளவும் பதவி உயர்வுக்குச் சான்றிதழ் காட்டவும் விரும்புவோருக்கு இச்சங்கம் ஏற்றதன்று. அவர்கள் தளவாடப் போக்குவரத்துக் கழகத்தை நாடலாம். பொறியாளர் வாரியம் கேட்கும் தொடர்பயிற்சி மணிநேரங்களைச் சேர்ப்பதே நோக்கமானால், பொறியாளர் கழகத்தின் மாலை நேர உரைகள் அதைவிட எளிய வழி.

நம் சமூகத்தைச் சேர்ந்த இளையோருக்கு மட்டும் வேறு விதமாகச் சொல்வேன். தண்டவாளம் இட்டவர்களும் சாலை போட்டவர்களும் நிலையத்தில் கொடி காட்டியவர்களுமாக இந்நாட்டின் போக்குவரத்தில் தமிழர்களின் உழைப்பு தலைமுறைகளுக்கு முந்தியது. ஆய்வு மேசையில் நம்மவர் முகம் என் கண்ணில் படுவதோ மிகக் குறைவு. பினாங்கில் முத்தியாரா எல்ஆர்டி தடத்தின் பணிகள் 2025இல் தொடங்கிவிட்டன. பயணிகள் அதற்கு எப்படி மாறுவார்கள், படகிலும் மோட்டார் சைக்கிளிலும் வருபவர்களை நிலையம் எப்படி ஏற்கும் என்பதையெல்லாம் அளந்து எழுத ஆட்கள் தேவைப்படுவார்கள். முதுகலையில் போக்குவரத்தைப் பாடமாக எடுத்துள்ள மாணவர் முதலில் ஆய்விதழை இலவசமாகப் படித்து, தமக்கு உகந்த தலைப்பில் இரண்டு மூன்று பெயர்களைக் குறித்துக்கொண்டு, மேற்பார்வையாளர் வழியே மலேசியக் கழகத்தில் சேர்ந்து, மாநாட்டுக்குப் பல மாதங்கள் முன்பே கேட்கப்படும் கட்டுரைச் சுருக்கத்தை அனுப்பட்டும். ஆலோசனை நிறுவனங்களில் பணிபுரிவோர், மாநாடு விமானமேறாமல் போகக்கூடிய தொலைவிலோ குறைந்த கட்டண விமானம் செல்லும் ஊரிலோ நடக்கும் ஆண்டுகளில் மட்டும் பதிவு செய்துகொண்டால் போதும்.