எஸ்எம்டி சிப்பை பிரெட்போர்டில் ஏற்றும் அடாப்டர் பலகை

பற்றவைக்காமலே சுற்றை அமைத்துப் பார்க்கும் பிரெட்போர்டில் துளைகளின் இடைவெளி 2.54 மி.மீ., பலகையின் மேற்பரப்பிலேயே பற்றவைக்கும் எஸ்எம்டி சிப்புகளில் எஸ்ஓஐசி வகையின் கால்களுக்கு 1.27, அதைவிடச் சிறிய டிஎஸ்எஸ்ஓபி வகை என்றால் வெறும் 0.65, அதனால் நடுவில் ஒரு அடாப்டர் இல்லாமல் முடியாது. நான் வாங்கிய பலகையில் ஒரு பக்கம் எஸ்ஓஐசி, திருப்பினால் டிஎஸ்எஸ்ஓபி, இதற்காகவே வாங்கலாம். கால்களைப் பற்றவைக்கும் செம்புப் பட்டைகள் சூட்டில் உரியவில்லை. ஈயம் நன்றாகப் பிடிக்க உதவும் ஃப்ளக்ஸைத் தாராளமாகத் தடவுங்கள், எதிரெதிர் மூலையில் இரண்டு கால்களை முதலில் ஒட்டி, சிப் நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் மற்றவற்றைப் பற்றவையுங்கள், கால்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் செம்புப் பின்னல் நாடா அந்த ஈயத்தை உறிஞ்சிவிடும். பலகையின் ஊசி (pin) வரிசையைப் பிரெட்போர்டில் செருகி வைத்தே பற்றவைத்தால் கோணாது.

ஒரு குறை, சிப்புக்கு வரும் மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் டீகப்ளிங் கெபாசிட்டருக்குப் பலகையில் இடமே இல்லை, 0.1 மைக்ரோஃபாரட் ஒன்றை நாமேதான் பக்கத்தில் செருக வேண்டும், வேகமான சிப்புகளுக்கு இது உண்மையிலேயே தொல்லை. கால்கள் வெளியே நீளாமல் அடியில் பட்டை உள்ள க்யூஎஃப்என் வகை சிப்புக்கு இது உதவாது, அதற்குத் தனிப் பலகையும் சூடான காற்றும் வேண்டும்.