தறி நின்ன நாள்ல பாத்த ட்விஸ்ட் படங்க, எது தேறுச்சு எது தேறல

சோமனூர் பக்கம் கூலி உயர்வு கேட்டு தறிய நிறுத்துனப்ப எங்கூட்டுல டிவி சத்தம் தெளிவா கேட்டுச்சுங்க. எங்க தறி செட்டு வீட்டுக்கு ஒட்டுனாப்புல இருக்குது, எட்டு தறியும் ஓடுனா பக்கத்துல இருக்கறவங்ககிட்டயே கத்தித்தான் பேசோணும், படம் பாத்தா பாதி வசனம் வாயசைவப் பாத்துத்தான் புரிஞ்சுக்கறது. தறி நின்னா வருமானம் இல்ல, மனசு பாரந்தான், அதுக்காக பொழுதன்னைக்கும் மோட்டுவளயப் பாத்துட்டே ஒக்காந்திருக்க முடியுமா, அதனால பொழுதோட ஆனா நானு, எங்கய்யன், எம்பட ஊட்டுக்காரி மூணு பேரும் ஒக்காந்து ட்விஸ்ட் இருக்குன்னு ஊரே சொல்ற படமா தேடித்தேடிப் பாத்தோம். அதுல சிலதப் பத்தித்தான் எழுதறேன். மகாராஜா, பாபநாசம், அப்பறம் ரெண்டு பழைய படம், இதோட முடிச்செல்லாம் அவுத்துச் சொல்லப்போறேன், பாக்காதவங்க பாத்துப்போட்டு வந்து படிங்க. கிஷ்கிந்தா காண்டம் மட்டும் சத்தியமா சொல்லமாட்டேன்.

மொதல்ல பாபநாசம். 2015ல வந்தது, ஜீத்து ஜோசப் மலையாளத்துல அவரே எடுத்த த்ரிஷ்யத்த தமிழ்ல கமல வெச்சு திரும்ப எடுத்தாரு. எங்கய்யன் அதுக்கு முந்தி பாத்ததே இல்ல. பொணம் எங்க இருக்குன்னு தெரியறப்ப, புது போலீஸ் ஸ்டேசனுக்கு அடியிலயே இருக்குதுன்னு தெரியறப்ப, மனுசன் சேர்ல இருந்து எந்திரிச்சே போட்டாரு. நான் அடுத்த நாளு மறுபடியும் போட்டு விட்டேன். அப்பத்தான் அவரு கவனிச்சாரு, அந்த ஸ்டேசன் கட்டற வேலைய நம்ம கண்ணுக்கு முன்னாலயே காட்டிட்டுத்தான் இருக்காங்க, நாமதான் அதப் பாக்காம கேபிள் டிவிக்காரனா வர்ற கமலோட குடும்பத்தப் பாத்துட்டு ஒக்காந்திருக்கறோம். அப்ப அவரு சொன்னாரு, "டேய் கண்ணு, கலர் நூல பாவு ஓட்டும்போதே ஓட்டியிருக்கோணும், பாதி சேலை நெஞ்சதுக்கப்பறம் பாவுக்குள்ள நூலு சேக்க முடியுமா?" பாவுன்னா நெய்யறதுக்கு முந்தியே தறியில நீளவாக்குல ஓட்டி வெக்கற நூலுங்க. அதுக்கப்பறம் பாத்த படம் பூராத்தையும் நான் அந்த ஒரு கேள்விய வெச்சுத்தான் பாத்தேன். இந்த ட்விஸ்ட் பாவுல இருந்துச்சா, இல்ல கடைசீல கொண்டாந்து ஒட்டுனதா.

மகாராஜா 2024 ஜூன்ல வந்தப்ப கோயமுத்தூர்ல ஒரு தியேட்டர்ல பாத்தேன், பின்னாடி சீட்டுல ஒரு ஆளு அவரு கூட வந்தவருக்கு ஒவ்வொரு சீனையும் முன்கூட்டியே சொல்லிட்டே இருந்தாரு, ரெண்டு தடவ திரும்பிப் பாத்தும் நிறுத்தல. ரெண்டாவது தடவ பாக்க வந்தீங்கன்னா வாங்க, தாராளமா பாருங்க, ஆனா மொத தடவ பாக்கறவங்களோடத தயவுசெஞ்சு புடுங்காதீங்க, அது ஒரே ஒருக்காதான் கெடைக்கும். இப்ப வீட்டுல நிம்மதியா மறுபடி பாத்தேன்.

நித்திலன் சாமிநாதன் டைரக்சன், விஜய் சேதுபதிக்கு 50வது படம். முடிவெட்டற ஒருத்தரு போலீஸ் ஸ்டேசனுக்கு வந்து எங்கூட்டு லட்சுமியத் திருடிட்டாங்கன்னு கம்ப்ளைண்ட் குடுக்கறாரு, லட்சுமி யாருன்னு பாத்தா குப்பைத்தொட்டி. ஸ்டேசனே சிரிக்குது, நாமளும் சிரிக்கறோம். முன்னொரு காலத்துல லாரி வந்து இடிச்சப்ப அந்தத் தொட்டி கவுந்து மூடித்தான் அந்தக் கொழந்தை பொழச்சுது, அதனால மனுசனுக்கு அதுமேல பாசம்னு நமக்கு ஒரு காரணமும் குடுத்தர்றாங்க, அதோட நாம கேள்வி கேக்கறத நிறுத்திப்போடறோம். பெரிய வேலை அங்கதான் நடந்திருக்குது. அதே மாதிரி அனுராக் காஷ்யப் திருடனா வர்ற செல்வம் கதை, மகாராஜா கதை, ரெண்டும் ஒரே காலத்துல நடக்கறமாதிரியே ஓடுது, பொறவு பாத்தா ஒண்ணு பல வருசத்துக்கு முந்துனது. பிலோமின் ராஜ் எடிட்டிங், ரெண்டாவது தடவ பாக்கறப்ப எந்த சீனுக்கு அடுத்து எந்த சீன வெச்சிருக்காருன்னு மட்டுமே பாத்துட்டிருந்தேன், ஒரு எடத்துலயும் பொய் சொல்லல, நாமளாத்தான் ஒரே காலம்னு நெனச்சுக்கறோம். போலீஸ்காரங்க போலித் திருடனா செட்டப் பண்ணிக் கூட்டிட்டு வர்ற ஆளே நெசமான குத்தவாளியா இருக்கறதும், சிங்கம்புலிய நாம இத்தன வருசம் காமெடியாவே பாத்து வெச்சிருந்ததும் சேந்து அடிக்குது பாருங்க, அது கனமான அடி.

ஆனா ஒரு கொறை இருக்குது, அத சொல்லாம போனா நான் எழுதறதுல அர்த்தமில்ல. ஒரு பொம்பளப்புள்ளைக்கு நடந்த கொடுமைய ஒளிச்சு வெச்சு, அதயே திருப்பமா எடுத்து விடறாங்க. கடைசீல செல்வத்துக்கு அது தன்னோட புள்ளதான்னு தெரியறப்ப தியேட்டர்ல கைதட்டுனாங்க. எம்பட ஊட்டுக்காரி கேட்டா, "ஏனுங்க, அவனுக்குத் தண்டனை கெடைக்கறதுக்கு அந்தப் புள்ளதான் கெடைச்சுதா?" எங்களுக்கும் ஏழு வயசுல புள்ள இருக்குதுங்க. அந்தப் பொண்ணு ஜோதி ஒரு கட்டத்துல எந்திரிச்சு வந்து நேருக்கு நேரா நின்னு பேசறது நல்லாருந்துச்சு, அது மட்டும் இல்லீனா நான் இந்தப் படத்த இவ்ளோ தூரம் தூக்கிப் பேசியிருக்கமாட்டேன். பாவுல நூலு சுத்தமா இருக்குது, ஆனா அந்த நூலு எதுல முக்கி எடுத்ததுன்னு எனக்கு இன்னமும் ஒறுத்திட்டே இருக்குது.

துருவங்கள் பதினாறு, 2016 கடைசீல வந்தது, கார்த்திக் நரேன் 22 வயசுல எடுத்த படம், கதை நம்ம கோயமுத்தூர்ல நடக்குது, ரகுமான் போலீஸ். பாட்டு கெடையாது, நீளமும் கெடையாது. மொத தடவ பாத்தப்ப தலைய சுத்துச்சு. இப்ப பாத்தா கடைசி பத்து நிமிசம் வாயாலயே வெளக்கிட்டே போறாங்க, ஒருத்தரு ஒக்காந்து எடுத்துச் சொன்னாத்தான் புரியுதுன்னா நூலு எங்கியோ அறுந்திருக்குதுன்னுதான் அர்த்தம். ஆனாலும் அந்த வயசுல இந்த அடக்கம் பெரிய விசயம், ஒருக்கா பாக்கலாம்.

ராட்சசன் அய்யனுக்கு வேண்டாம்னு பாதியில நிறுத்திட்டோம். நல்ல படந்தான், ராத்திரி தூக்கம் கெடும்.

அய்யன் கேட்டு போட்ட படம் அந்த நாள். 1954, ஏவிஎம், வீணை வித்துவான் எஸ்.பாலசந்தர் டைரக்சன். அந்தக் காலத்துல ஒரு பாட்டு இல்ல, ஒரு டான்ஸ் இல்ல, சிவாஜி எடுத்த எடுப்புலயே குண்டடி பட்டுச் செத்துக் கெடக்கறாரு. பராசக்தி வந்து ரெண்டே வருசம், ஆளு உச்சத்துல இருக்காரு, அவர மொத சீன்லயே கொன்னு போட்டுட்டு ஆரம்பிக்கறதுக்கு என்ன தைரியம் வேணும்னு நெனச்சுப் பாருங்க. 1943ல ஜப்பான்காரன் மெட்ராஸ்ல குண்டு போட்டதுக்கு மக்யா நாளு நடக்குது. விசாரிக்கறவங்க ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு கதை சொல்றாங்க, ஒவ்வொண்ணுலயும் சுட்டது வேற வேற ஆளு. கடைசீல பாத்தா பண்டரிபாய், கட்டுன பொண்டாட்டி. புருசன் ஜப்பானுக்கு உளவு சொல்றான், நாட்டக் காட்டிக் குடுக்கறான்னு தெரிஞ்சு தடுக்கப் போயி அப்பிடி ஆகுது. அந்தம்மா மொகத்துல துக்கம் படம் பூரா இருக்குது, அது தாலியறுத்தவளோட துக்கம்னு நாம நெனைக்கறோம், அதுமட்டுமில்லைன்னு ரெண்டாவது தடவதான் தெரியுது. புதிய பறவை, 1964, அதுலயும் அப்பிடித்தான், சரோஜாதேவி காதலிக்கறதா நெனச்சு சிவாஜி மனசத் தொறந்து சொன்னதுக்கப்பறம் சுத்தி நின்னவங்க பூரா போலீஸ்னு தெரியுது, அந்த ஒரு நிமிசம் கொலைகாரனுக்காக மனசு பதறுது பாருங்க. எங்கம்மா அடுப்படியில இருந்தே எட்டிப்பாத்து "பாவம்டா அவன்"னு சொல்லுச்சு.

இப்ப கிஷ்கிந்தா காண்டம். 2024 செப்டம்பர்ல வந்த மலையாளப் படம், தின்ஜித் அய்யத்தான் டைரக்சன், கதை எழுதி கேமராவும் புடிச்சவரு பாகுல் ரமேஷ். காட்டோரம் ஒரு வீடு, சுத்தி கொரங்குக, பட்டாளத்துல இருந்து ரிட்டயர் ஆன பெரியவரா விஜயராகவன், எலக்சன் வருதுன்னு லைசென்ஸ் துப்பாக்கிய ஒப்படைக்கச் சொன்னா துப்பாக்கியக் காணோம். அவருக்கு மறதி, ஆனா மறதின்னு வெளிய காட்டிக்கமாட்டாரு. மகன் ஆசிப் அலி, காணாமப்போன பேரன், புதுசா கட்டிட்டு வந்த மருமக அபர்ணா பாலமுரளி, அந்தப் புள்ளதான் மாமனாரு எதையோ எரிக்கறாரே, என்னத்த ஒளிக்கறாருன்னு பின்னாடியே போகுது. யாரையும் தூக்கிப்போட்டு அடிக்கல, பின்னணி இசைய வெச்சு மெரட்டல. முடிச்சு அவுந்தப்ப எங்க மூணு பேருக்கும் பேச்சே வரல. இந்தப் படத்துல ட்விஸ்ட் நம்மள ஏமாத்தறதுக்கு வெச்சதில்ல, அந்த வீட்டுல இருக்கறவங்க உசுரோட இருக்கறதுக்கே அதுதான் வழி. தறி மட்டும் ஓடியிருந்தா விஜயராகவன் வாய்க்குள்ளயே முணுமுணுக்கறதெல்லாம் எனக்குக் கேட்டே இருக்காது. தயவுசெஞ்சு போன நோண்டாம, ராத்திரி அமைதியா இருக்கறப்ப பாருங்க. என்னோட கணக்குல இந்த லிஸ்ட்டுல இதுதான் மொதல்ல.

இப்ப தறி ஓட ஆரம்பிச்சிருச்சு, பழைய சத்தம் திரும்பிருச்சு. நேத்து நான் அறுந்த எழைய எடுத்துக் கட்டிட்டிருந்தேன், அய்யன் வந்து பக்கத்துல நின்னு என்னமோ கேட்டாரு, எனக்குக் கேக்கல. ஓடற தறிய ஒரு நிமிசம்கூட சும்மா நிறுத்தாத மனுசன், கைய நீட்டி தறிய நிறுத்திப்போட்டு கேட்டாரு, "அந்தப் பையன் அப்பங்கிட்ட செஞ்சது சரியாடா? நீயா இருந்தா என்ன பண்ணுவ?"

நான் இன்னும் பதில் சொல்லலைங்க.