குரோஷாவா, நிட்டிங்கா? அவிழ்க்கும்போது தெரியும் வித்தியாசம்

பழைய பனியனில் விழுந்த ஓட்டை ஓட்டையாகவே நிற்பதில்லை. கொஞ்சம் இழுபட்டால் அங்கிருந்து ஏணிப்படி மாதிரி ஒரு கோடு ஓடும். திருப்பூர் பனியன் துணியும் இரண்டு ஊசியில் கையால் போடும் ஸ்வெட்டரும் ஒரே சாதி, இரண்டுமே நிட்டிங், அதாவது கண்ணிக்குள் கண்ணி கோத்த பின்னல். அதில் ஒரு கண்ணியைப் பிடித்து வைத்திருப்பது அதன் வழியாக இழுக்கப்பட்ட மேல்வரிசைக் கண்ணி மட்டும்தான். நுனியில் கொக்கியுள்ள ஒரே ஊசியால் போடும் குரோஷாவில் ஒவ்வொரு கண்ணியும் முடிந்த கையோடு தன்னைப் பூட்டிக்கொள்ளும். புதிதாகக் கையில் நூல் எடுப்பவருக்கு நான் குரோஷாவைச் சொல்வது இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

மற்றவற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஊசிச் செலவு இரண்டிலும் பெரிதில்லை. குரோஷா வேகமாக வளரும், நூலையும் அதிகம் தின்னும். அதே அளவுத் துணிக்கு மூன்றில் ஒரு பங்கு நூல் கூடுதலாக வாங்கி வைப்பது நல்லது.

இப்போது தப்பு நடந்த பிறகு என்ன ஆகிறது என்று பாருங்கள். நிட்டிங்கில் 100 கண்ணி போட்டிருந்தால் ஊசியில் 100 வளையங்கள் திறந்தே இருக்கின்றன. ஒன்று நழுவினால் வரிசை வரிசையாகக் கீழே இறங்கும். சமதளப் பின்னலில் (ஸ்டாக்கினெட், முன்பக்கம் 'V' வரிசையாகத் தெரிவது) இதைச் சரிசெய்ய, நழுவிய வளையத்துக்குள் முன்பக்கமாகக் குரோஷா ஊசியை நுழைத்து, ஏணியின் கீழ்ப்படியை முதலில் கொக்கியில் மாட்டி இழுக்க வேண்டும். பிறகு அடுத்த படி. ஒரு படியைத் தாண்டிவிட்டால் பின்பக்கத்தில் தொங்கல் நூல் நிற்கும்.

நான்கு வரிசை கீழே இருக்கும் தப்புக்கு ஊசியையே உருவிப் பிரிக்க வேண்டிவரும். வளையங்களை மறுபடி ஏற்றும்போது 4 மி.மீ ஊசிக்குப் பதில் 3 மி.மீ ஊசியால் எடுத்தால் சுலபமாக ஏறும். வளையத்தின் வலது கால் ஊசிக்கு முன்பக்கம் வர வேண்டும். பின்னால் போனால் அடுத்த வரிசையில் அந்தக் கண்ணி முறுக்கிக்கொள்ளும். அனுபவசாலிகள் பத்து வரிசைக்கு ஒருமுறை வேறு நிறப் பருத்தி நூலை எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் கோத்து விடுகிறார்கள். பிரித்தாலும் அந்த நூலோடு நின்றுவிடும். நல்ல வழிதான், ஆனால் முதல் மஃப்ளர் போடுபவருக்கு இதுவே தனி வேலை.

குரோஷாவில் பெரும்பாலும் திறந்திருப்பது ஒரே வளையம். கொக்கியை எடுத்து நூலை இழுத்தால் தப்பு வரை பிரியும், மிஞ்சிய வளையத்தில் கொக்கியை மாட்டித் தொடரலாம். நடுவில் குக்கர் விசில் அடித்தால் வளையத்தில் ஒரு ஊக்கைக் குத்திவிட்டு எழுந்து போகலாம். நிட்டிங்கில் வரிசையை முடித்துவிட்டு எழுவதே பத்திரம். பாதியில் விட்டால், திரும்ப எடுக்கும்போது உருண்டையிலிருந்து வரும் நூல் வலது கை ஊசியில் இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றிப் பிடித்தால் அந்த இடத்தில் ஓட்டை விழும்.

குரோஷாவிலும் தலைவலி உண்டு. சதுரமாகத் தொடங்கியது முக்கோணமாகக் குறுகுகிறதா? வரிசையின் கடைசிக் கண்ணியை விட்டிருப்பீர்கள். டபுள் குரோஷாவில் (அமெரிக்க முறைப் பெயர், ஊசியில் நூலை ஒருமுறை சுற்றிப் போடும் உயரமான கண்ணி) திரும்பும்போது போடும் 3 செயின் வழக்கமாக ஒரு கண்ணியாகக் கணக்கில் வரும், அதன் தலையிலும் குத்த வேண்டும். இதே கண்ணியில் வட்டம் போடும்போது 12, 24, 36 என்று சுற்றுக்கு 12 கூட்டுங்கள். குறைந்தால் கிண்ணமாகக் குழியும், கூடினால் பாவாடைக் கொசுவம் மாதிரி அலையும். தொடக்கச் செயின் இறுகினால் அதை மட்டும் அரை மி.மீ பெரிய ஊசியில் போடலாம். இன்னொரு பொறி, அமெரிக்க முறையின் சிங்கிள் குரோஷாவுக்குப் பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷா என்று பெயர். மாதிரியில் 'சிங்கிள்' என்ற சொல் இருந்தால் அது அமெரிக்க முறை.

நிட்டிங் ஜெயிக்கும் இடம் உடைகள். 2 நிட் (நேர்க் கண்ணி), 2 பர்ல் (எதிர்க் கண்ணி) என்று மாறி மாறிப் போட்ட பட்டை இழுத்தால் விரிந்து விட்டால் சுருங்கும், அதனால் குல்லா, சாக்ஸ், ஸ்வெட்டர் கைமுனைக்கு அதுதான் சரி. ஊட்டி, கொடைக்கானல் குளிருக்குக் கம்பளி ஸ்வெட்டர் போடத்தான் கற்கிறீர்கள் என்றால் நேராக இரண்டு ஊசியையே எடுங்கள். குரோஷா ஸ்வெட்டர் தடித்து, அக்குளில் மடங்காமல் நிற்கும்; பெரிய ஊசியில் தளர்வாகப் போட்டால் ஓரளவு சரியாகும். சமவெளியில் கதை வேறு. பருத்தி நூலுக்கு மீள்தன்மை குறைவு, நிட்டிங் உடை நாளாக நாளாகத் தொங்கிவிடும். அதே நூலில் போட்ட குரோஷாப் பை, மேசை விரிப்பு வடிவம் மாறாமல் நிற்கும். இது பருத்திக்கும் அக்ரிலிக்குக்கும் சொல்வது. மூங்கில் கலந்த நூல்களுக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

துண்டு துண்டாகப் போட்டு இணைக்கவும் குரோஷாவே வசதி. 2016 ஜனவரியில் சென்னையில் கின்னஸ் சாதனை படைத்த 11,148.5 சதுர மீட்டர் குரோஷாப் போர்வை, பலர் கைப்பட்ட சதுரங்களை இணைத்து உருவானதுதான்.

முதலில் வாங்க: ஒரு 4 மி.மீ அலுமினியக் குரோஷா ஊசி, நடுத்தரத் தடிமனில் வெளிர் நிற அக்ரிலிக் நூல். கறுப்பும் கருநீலமும் வேண்டாம், கண்ணி கண்ணுக்குத் தெரியாது. வெல்வெட் மாதிரிப் பஞ்சு நூலும் வேண்டாம், பிரிக்கும்போது சிக்கி அறும். இல்லை, நிட்டிங்தான் என்றால் மூங்கில் ஊசியாக வாங்குங்கள், உலோகத்தைவிட வழுக்கல் குறைவு. கூடவே அந்தக் குரோஷா ஊசியும் ஒன்று பெட்டியில் இருக்கட்டும், நழுவிய கண்ணியை ஏற்ற.