காவல் நிலையத்து மருந்துப் பெட்டி

அம்மாவின் முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு 11 ஆக்சிகோடோன் மாத்திரைகள் மிஞ்சின. பழக்கமாகிப் போதைக்கு அடிமையாக்கக்கூடிய வலி மாத்திரை அது. ஒஹாயோவில் எங்கள் வீட்டுக்கு மகனின் கல்லூரி நண்பர்கள் அடிக்கடி வருவார்கள். அவற்றை அலமாரியில் வைத்திருக்க மனசு கேட்கவில்லை.

எங்கள் ஊர்க் காவல் நிலைய முகப்பில் வேண்டாத மருந்துகளைப் போட, தபால் பெட்டி மாதிரி ஓர் இரும்புப் பெட்டி இருக்கிறது. கைப்பிடியை இழுத்து உள்ளே போட்டேன், தொப்பென்று விழுந்தது. பேர் கேட்கவில்லை, சீட்டும் கேட்கவில்லை. அவ்வளவு நிம்மதி! ஊசிகளை மட்டும் வாங்குவதில்லை, அம்மாவின் இன்சுலின் ஊசிகளைத் திரும்ப எடுத்து வந்தேன்.

ஹெராயின், ஃபென்டனில் போன்ற போதைப்பொருள் கடத்தலை விசாரிக்க மாநிலக் காவல்துறைகளுக்கு அமெரிக்க நீதித்துறையில் காவல் பணிகளுக்கு நிதி தரும் காப்ஸ் அலுவலகம் தனி மானியம் தருகிறது. டாக்டர் எழுதித் தரும் வலி மாத்திரைகள் கள்ளத்தனமாகக் கைமாறுவதும் அந்த விசாரணையில் சேர்த்திதான். அவசியமான பணம். ஆனால் அந்த மாத்திரை முதலில் கிளம்புவது பல நேரம் ஒரு வீட்டு அலமாரியிலிருந்து. அதனால்தான் இந்தப் பெட்டி எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஏப்ரல், அக்டோபரில் அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்பு அமைப்பான டி.இ.ஏ. நடத்தும் மருந்துச் சேகரிப்பு நாளிலும் கொடுக்கலாம். அப்புறம், குப்பியோடு போடுவதானால் லேபிளில் உள்ள பேரைக் கிழித்துவிடுங்கள்.