பெங்களூரில் பழைய காரின் இன்ஜினைப் பிரிக்கக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்: 46,800 ரூபாய் போனது

நேற்று மாலைதான் உண்மை தெரிந்தது. இரவு முழுக்கத் தூக்கமில்லை. ஆத்திரம் ஆறும் முன்பே எழுதிவிடுகிறேன்.

கார், அப்பா 2011-இல் வாங்கிய ஆல்ட்டோ. 796 சிசி, மூன்று சிலிண்டர். இந்த மூன்று என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அப்பா காலமான பிறகு நான்தான் ஓட்டுகிறேன். சி.வி.ராமன் நகரிலிருந்து அம்மாவை வாரம் இருமுறை ஃபிசியோதெரபிக்கு அழைத்துப்போக வேறு வழியில்லை. தீபாவளிக்குப் பிறகு, காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் நீலப் புகை. ஐந்து நிமிடத்தில் புகை நின்றுவிடும். கே.ஆர்.புரம் தொங்குபாலத்தில் ஏறும்போது வண்டி திணறியது. இன்ஜின் ஆயிலும் குறைந்துகொண்டே வந்தது.

“விற்றுவிடு” என்றான் அண்ணன். 15 ஆண்டு முடிகிறது, மறுபதிவுக் கட்டணமே 5,000 ரூபாய், புகையோடு போனால் எஃப்.சி.யில், அதாவது தகுதிச் சோதனையில், திருப்பி அனுப்புவார்கள் என்றான். அவன் சொன்னதில் தவறில்லை. ஆனால் பழைய கார் வியாபாரி 60,000 ரூபாய்க்கு மேல் ஒரு பைசா தரமாட்டேன் என்றார். அந்தப் பணத்துக்கு வேறு எந்த நல்ல வண்டி கிடைக்கும்? பாடியில் துரு இல்லை, ஏ.சி. நன்றாக இருக்கிறது, ஓடியதும் 82,000 கிலோமீட்டர்தான். பழுது பார்ப்பது என்று முடிவு செய்தேன். அந்த முடிவு சரிதான் என்று இன்றும் சொல்வேன். கொடுத்த இடம்தான் தவறு.

வீட்டு வாசலுக்கே வந்து காரை எடுத்துப்போகும் ஒரு செயலி. அதன் மூலம் ஓசூர் சாலைப் பக்கம் ஒரு பட்டறை. நான் அம்மாவிடம் போனில் பேசியதைக் கேட்டுவிட்டு அங்கிருந்த மேற்பார்வையாளர், “அக்கா, நானும் தர்மபுரிக்காரன்தான். உங்கள் அப்பா வண்டியை என் அப்பா வண்டி போலப் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் விழுந்தேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, எண்ணெயில் நனைந்திருந்த நுனியைக் காட்டினார். பிஸ்டனைச் சுற்றியிருக்கும், எண்ணெய் மேலே ஏறாமல் தடுக்கும் ரிங் போய்விட்டதாம். இன்ஜினை இறக்கி, சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து (அதுதான் போரிங்), பிஸ்டனும் ரிங்கும் புதிதாகப் போட வேண்டுமாம். “கம்ப்ரெஷன், சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம், பார்க்க வேண்டாமா?” என்று கேட்டேன். “கண்ணாலேயே தெரிகிறதே அக்கா” என்றார்.

முதலில் 38,500 என்றவர், பிரித்துப் பார்த்ததாகச் சொல்லி 46,800 என்றார். முன்பணம் 5,000 மட்டும் செயலியில் கட்டினேன். “மீதியையும் அதில் கட்டினால் உங்களுக்குத்தான் வரி கூடும்” என்று தன் சொந்த எண்ணுக்கு வாங்கிக்கொண்டார். பதினோராம் நாள் வண்டியைக் கழுவித் துடைத்து அனுப்பினார்கள். டிக்கியில் ஒரு சாக்குப்பை, பழைய பாகங்கள். கேட்காமலேயே கொடுத்திருக்கிறார்களே, எவ்வளவு நேர்மை என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

பத்தொன்பதாம் நாள் காலை, அதே நீலப் புகை.

“புது ரிங் படிய ஆயிரம் கிலோமீட்டர் ஆகும் அக்கா” என்றார். அடுத்த வாரம், “பெட்ரோல் சரியில்லை, பங்கை மாற்றுங்கள்” என்றார். அதற்கடுத்த வாரம் போனையே எடுக்கவில்லை. செயலிக்காரர்கள் மூன்று முறை புகார் எண் கொடுத்தார்கள், மூன்று முறையும் 72 மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். நான்காம் முறை வந்த பதில்: எங்கள் கணக்கில் 5,000 ரூபாய்தான் இருக்கிறது, மீதி உங்களுக்கும் அவருக்கும் இடையிலான விஷயம். 46,800 ரூபாய் கொடுத்தவளுக்கு இதுதான் பதிலா?

நேற்று, அல்சூரில் பல வருடங்களாகப் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். பிளக்குகளைக் கழற்றி மீட்டரை வைத்தார். மூன்று சிலிண்டரிலும் 160-க்குக் குறையாத அழுத்தம். “ரிங் நன்றாகத்தான் இருக்கிறது அம்மா, முன்பும் நன்றாகத்தான் இருந்திருக்கும்” என்றார். பிளக் துவாரத்தில் சிறு கேமராவை விட்டுக் காட்டினார். பிஸ்டன் தலையில் ஆண்டுக்கணக்கில் படிந்த கரி. மேல் மூடியைத் திறந்தார். பிஸ்டனை எடுக்க முதலில் கழற்ற வேண்டிய ஹெட் போல்ட்களில் ஸ்பானர் பட்ட தடமே இல்லை. இன்ஜினைப் பிரிக்கவே இல்லை! வால்வைச் சுற்றி எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர், வால்வு சீல், இறுகிப்போய் அதன் வழியாக எண்ணெய் இறங்குகிறது, அது ஒரு பிளக்கை நனைப்பதால்தான் வண்டி திணறுகிறது, 8,000 ரூபாய்க்குள் முடிந்திருக்கும் வேலை என்றார்.

பிறகு அந்தச் சாக்குப்பையைச் செய்தித்தாளில் கொட்டினார். ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தார். நான்கு பிஸ்டன்கள். அவர் ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தார். என் வண்டிக்கு மூன்று சிலிண்டர்தானே, சிலிண்டருக்கு ஒரு பிஸ்டன்தானே! யாருடைய காரின் குப்பையையோ என் டிக்கியில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. இவ்வளவுதான்: கம்ப்ரெஷன் அளவை உங்கள் கண் முன்னால் பார்க்காமல் இன்ஜினைப் பிரிக்க விடாதீர்கள். காலையில் மட்டும் நீலப் புகை வந்து நின்றுவிட்டால் முதலில் வால்வு சீலைப் பார்க்கச் சொல்லுங்கள். தனி நபர் எண்ணுக்குப் பணம் அனுப்பாதீர்கள், ஜி.எஸ்.டி. எண் உள்ள பில் வாங்குங்கள். பழைய பாகங்களை அங்கேயே நின்று எண்ணுங்கள். ஏமாந்தால் 1915-க்கு அழையுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் அது. நான் இன்று காலையே அழைத்துப் பதிவு செய்துவிட்டேன். 5 லட்ச ரூபாய் வரையிலான வழக்குக்கு நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் கிடையாது.

திங்கட்கிழமை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். அந்த நான்கு பிஸ்டன்களையும் எடுத்துக்கொண்டுதான் போகிறேன்.