கல்லாச் சில்லறையா, மீந்த சரக்கா? கடைச் சங்கிலிகளின் உதவித் திட்டங்கள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

மளிகைக் கடைச் சங்கிலிகள் தொண்டு அமைப்புகளுக்கு உதவுவதாக ஒட்டும் சுவரொட்டிகள் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். பின்னால் ஓடும் கணக்கு வேறு வேறு. ஒரு திட்டத்தில் சேருமுன் கேட்க வேண்டியவை: பணம் யாருடையது, எப்போது கைக்கு வரும், அதை வாங்க அமைப்புக்கு என்ன செலவாகும்.

பில் சில்லறை

347.60 என்ற பில்லை 348 ஆக்கி, மீதி 0.40-ஐ அமைப்புக்கு ஒதுக்குவார்கள். இது முழுக்க வாடிக்கையாளரின் பணம். கடை வசூலித்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். இதைக் காட்டிக் கடை வரிச்சலுகை வாங்கிக்கொள்கிறது என்ற பேச்சு அடிக்கடி அடிபடும். இத்திட்டம் பரவலாக உள்ள அமெரிக்காவில் அது சரியல்ல. அந்தத் தொகை கடையின் வருமானமாகவே பதிவாவதில்லை, எனவே கழித்துக்கொள்ளவும் வழியில்லை. கடைக்கு மிஞ்சுவது நல்ல பெயர்.

கடைசி இலக்கங்கள் சீராகச் சிதறியிருந்தால் ஒரு பில்லுக்குச் சராசரியாக 0.50 சேரும். 1,000 பில்லில் ஐந்தில் ஒருவர் சம்மதித்தால் 100. சில்லறைக் காசு புழக்கத்தில் இல்லாத நாணயம் என்றால், அடுத்த 10-க்கு முழுதாக்கினால்தான் தொகை தேறும்.

கோளாறு வருவது கணக்கில். நன்கொடைக்குத் தனிக் குறியீடு போடாமல் விற்பனையோடு சேர்த்துவிட்டால் மாதக் கடைசியில் பிரித்தெடுக்க முடியாது. பொருளைத் திருப்பித் தரும்போது நன்கொடையையும் சேர்த்துத் திருப்பிவிடும் மென்பொருளும் உண்டு. காசாளர் வாயால் கேட்கும் முறை சில வாரங்களில் சோர்ந்துபோகும். அட்டை இயந்திரத்தின் திரையிலேயே கேள்வி வந்தால் நீடிக்கும். இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது, வசூல் அந்தந்தக் கிளையின் ஊருக்கே போகிறதா, தலைமையகத்தின் பொதுக் கணக்கில் கலக்கிறதா என்பது. பொதுக் கணக்கு என்றால் சின்ன அமைப்புகள் அந்தப் பக்கம் போவதே வீண்.

டோக்கன் வாக்கு

பில் போட்டதும் ஒரு டோக்கன் தருவார்கள். மூன்று அமைப்புகளின் பெட்டிகளில் ஒன்றில் போட வேண்டும். பிரிட்டனின் வெயிட்ரோஸ் 2008-இல் பச்சை டோக்கன்களோடு இதைத் தொடங்கியது. கிளைக்கு ஒதுக்கிய தொகை முன்பே முடிவானது. எத்தனை டோக்கன் விழுந்தாலும் அது அதிகரிக்காது, பங்கு மட்டுமே மாறும். பணம் கடையினுடையதாகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை. அதே நாட்டின் டெஸ்கோ சங்கிலி 2015-இல் தொடங்கிய திட்டத்துக்கு, பிளாஸ்டிக் பைக்கு வாடிக்கையாளர் கட்டிய கட்டணமே மூலதனமாக இருந்தது.

பங்கு பிரிக்கும் விதியைப் படித்துவிட்டுச் சேருங்கள். விகிதப்படி பிரித்தால் 15 விழுக்காடு வாக்கு பெற்ற அமைப்புக்கும் ஏதோ வரும். முதலிடத்துக்கே முழுத்தொகை என்றால், குழந்தைகளுக்கோ விலங்குகளுக்கோ உழைக்கும் அமைப்போடு மோதி போதை மீட்பு இல்லம் வெல்வது கடினம். ஒளி ஊடுருவும் பெட்டியில் நிறைந்திருக்கும் பக்கமே மேலும் கைகள் நீளும். மூடிய பெட்டி நியாயமானது. டோக்கனை எண்ண வேண்டாம், 100 டோக்கனின் எடையைக் கண்டு மொத்தத்தை நிறுத்தால் போதும்.

மீந்த உணவு

மதிப்பில் பெரியது இதுதான்; வேலையும் இதில்தான் அதிகம். 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பேரங்காடிகள் தொண்டு அமைப்புகளோடு ஒப்பந்தம் போட வேண்டும் என்று பிரான்ஸ் 2016-இல் சட்டமே இயற்றியது. நல்லெண்ணத்தோடு கொடுத்தவர்மீது வழக்கு வராமல் காக்க, அமெரிக்காவில் 1996 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. "வழக்கு வந்துவிடுமே" என்று தயங்கும் மேலாளரிடம் அந்தந்த நாட்டின் விதியைக் காட்டுவது பாதி வேலையை முடித்துவிடும்.

ஒழுங்காக நடக்கும் கிளையில் காலையிலேயே, தேதி முடிய ஒன்றிரண்டு நாள் இருக்கும் சரக்கைத் தட்டிலிருந்து எடுத்து, "நன்கொடை" என்ற குறியீட்டில் ஸ்கேன் செய்வார்கள். குப்பைக் கணக்கில் எழுதினால் அளவு தெரியாது, திருட்டுக்கும் வழியாகும். இறைச்சியைத் தேதி முடியுமுன்பே உறையவைத்து மைனஸ் 18 டிகிரி செல்சியஸிலோ அதற்குக் கீழோ வைக்க வேண்டும். பால் பொருட்கள் 5 டிகிரிக்குள். "இதற்குள் உண்ணவும்" என்ற தேதி பாதுகாப்பு பற்றியது, தாண்டினால் தொடக்கூடாது. "இதற்கு முன் சிறந்தது" என்பது தரம் பற்றியது. அதைத் தாண்டிய உலர்பொருள் பெரும்பாலும் நல்லதாகவே இருக்கும். ஆனால் கொடுக்க அனுமதி உண்டா என்பது நாட்டுக்கு நாடு மாறும்.

வண்டி வந்ததும் தெர்மாமீட்டரால் பார்த்து, எடைபோட்டு, இருவரும் கையெழுத்திட வேண்டும். குளிர்வசதி இல்லாத வண்டி என்றால் காப்புப் பெட்டியும் பனிக்கட்டிப் பொதிகளும் கட்டாயம்.

திட்டம் சாவது பெரும்பாலும் வண்டியால். இரண்டு முறை வராவிட்டால் கடை ஊழியர் மூன்றாம் நாள் சரக்கைக் குப்பையிலேயே போட்டுவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. எதிர்ப்பக்கத்திலும் தொல்லை உண்டு: அழுகியதையும் சேர்த்து ஏற்றிவிட்டு, "இத்தனை கிலோ கொடுத்தோம்" என்று அறிக்கை எழுதும் கிளைகள். அதைக் கொட்டும் செலவு அமைப்பின் தலையில் விழும். ஆகவே, வேண்டாததை வாசலிலேயே மறுக்கும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஃப்ரீசரும் தினமும் ஓட்ட ஆளும் இல்லாத அமைப்பு, அருகிலுள்ள உணவு வங்கி (உணவைச் சேகரித்து அமைப்புகளுக்குப் பிரித்துத் தரும் நிலையம்) வழியாக வாங்குவதே மேல்.

உறுப்பினர் அட்டை விழுக்காடு

வாடிக்கையாளர் தன் அட்டையோடு ஓர் அமைப்பை இணைத்துவிட்டால், வாங்குவதில் சிறு பங்கு போகும். 0.5 விழுக்காடு என்று வையுங்கள். ஒரு குடும்பத்தின் ஆண்டு முழுச் செலவிலிருந்து வருவது, அவர்களின் இரண்டு நாள் மளிகைச் செலவுக்கும் குறைவு. 100 குடும்பங்களைச் சேர்த்தாலும் ஒரு வீட்டின் அரையாண்டு மளிகை. இதே விகிதத்தில் இணையத்தில் நடந்த அமேசான்ஸ்மைல் திட்டம் 2023 பிப்ரவரியில் மூடப்பட்டது. உதவி எண்ணற்ற அமைப்புகளிடையே மெல்லியதாய்ப் பரவிப் பயன் குறைந்தது என்றே நிறுவனம் காரணம் சொன்னது. ஆண்டுக்கொருமுறை இணைப்பைப் புதுப்பிக்கச் சொல்லும் திட்டங்களில் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள் என்று எண்ணியே கணக்குப் போடுங்கள்.

பெட்டியும் கிஃப்ட் கார்டும்

வாசலில் வைக்கும் நன்கொடைப் பெட்டியில் தேவையானது சேராது, வீட்டில் மிஞ்சியது சேரும். பக்கத்திலேயே இந்த வாரத்துக்கான ஐந்து பொருள் பட்டியலை ஒட்டினால் ஓரளவு மாறும். ஆனாலும் சில்லறை விலைக்கு வாங்கிப் போடும் பொருளைவிட, அதே பணம் மொத்தக் கொள்முதலில் கூடுதலாக வாங்கும். கடைக்கு மட்டும் அந்த விற்பனையிலும் லாபம் உண்டு.

ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் உதவி வேண்டும் என்றால் கிஃப்ட் கார்டு கேட்பதுதான் எளிது. பல சங்கிலிகளில் சிறு தொகையைக் கிளை மேலாளரே ஒப்புவார். ஆறு வாரம் முன்னதாக, பதிவுச் சான்றின் நகலோடு, தேதி, பயனாளர் எண்ணிக்கை, கேட்கும் தொகை மூன்றும் இருக்கும் ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். நிதியாண்டின் தொடக்கத்தில் கேளுங்கள். கடைசி மாதங்களில் கிளையின் ஒதுக்கீடு தீர்ந்திருக்கும்.